சொந்தக் கட்டுரை

"நீங்க தந்த கட்டுரையை மனப்பாடமா எழுதினதுக்கு இங்க முதல் மார்க்கு. காலேஜுல முட்டை, சார்!"

பாறசாலையில் தான் படித்த உயர்நிலைப்பள்ளிக்கே வந்து, வகுப்பு நடத்திக்கொண்டிருந்த தமிழாசிரியர் பொன்னுதாஸிடம் கத்தினான் ஜெயதாஸ்.

"காலேஜுல சொந்தமா எழுதணுமாக்கும் மக்கா."

"எழுதினேனே! இந்தத் தமிழ்-மலையாள எல்லைச் சண்டையில எனக்க அம்மைக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். 'இது கட்டுரையா, ஒப்பாரியா?'ன்னு கேட்டாரு லெக்சரர். அதுக்கும் முட்டை. பேப்பரைக்கூடத் திருப்பித் தரல்லை!"

"கோவப்படாதே. கட்டுரைன்னா எப்படி இருக்கணும்னு கேளு. இந்த மாசப் பத்திரிகையில வந்ததாக்கும். இந்தப் பிள்ளைய எல்லாம் மனப்பாடமாச் சொல்லும்."

வகுப்பு எழுந்து ஒரே குரலில் ஒப்பித்தது: "தமிழில் எழுதிய மனுவை என் அம்மை வில்லேஜ் ஆபீஸில் நீட்டினாள். குமாஸ்தா அதை நாலாகக் கிழித்து..."

"...அவள் முகத்திலேயே வீசினான்" என்று முடித்தான் ஜெயதாஸ்.

சாரின் முகம் மலர்ந்தது. "நீயும் மனப்பாடம் பண்ணியாச்சா!"

ஜெயதாஸ் மேசையில் கிடந்த பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தான். கட்டுரையின் கீழே அவனுடைய லெக்சரரின் பெயர் இருந்தது.

"காலேஜுலயும் பாத்து எழுதுறது உண்டு, சார். அங்க பாத்து எழுதுறது வாத்தியாராக்கும்!"