அத்தைக்கு மட்டும் டபுள் அபராதம்

"பாத்ரூம்ல லைட் எரியுது. யார் போட்டது?"

ஸ்கூட்டரை நிறுத்திய கையோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினார் லிஃப்ட் மெக்கானிக்.

"நான்தான் மாப்பிள்ளை. மறந்துட்டேன்" என்றாள் சோபாவில் இருந்த மாமியார்.

"சமையல்கட்டுல?"

"அதுவும் நான்தான்."

"ஆளே இல்லாத ரூம்ல ஃபேன் யாருக்குச் சுத்துது?"

"பார்த்தீங்களா, அதையும் மறந்துட்டேன்!"

சுவரில் ஒட்டியிருந்த அபராதப் பட்டியலை விரலால் தட்டினார். லைட்டுக்கு ஐம்பது. ஃபேனுக்கு எழுபத்தைந்து. குழாய் சொட்டினால் இருபது.

"மொத்தம் நூத்தி எழுபத்தஞ்சு, அத்தை."

மாமியார் கையில் பணம் ஏற்கெனவே எண்ணித் தயாராக இருந்தது. வாங்கி டப்பாவில் போட்டார்.

மாதம் பிறந்தால் அந்த டப்பா நேராக வங்கிக்குப் போகும். இருபது வருஷ வீட்டுக் கடன். தவணை போக, கையில் கிடைத்ததையெல்லாம் கூடுதலாகக் கட்டி, "இதை அசல்ல கழிச்சுடுங்க" என்பார். மாதாமாதம் இதையே கேட்டுக் கேட்டு, வங்கியில் அவருக்கு 'அசல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பேப்பர் வாங்குவதை நிறுத்தினார் அசல். ரிப்பேருக்குப் போகிற ஆபீஸ்களில் லிஃப்ட்டோடு சேர்த்துப் பேப்பரையும் பார்த்துவிட்டு வந்தார். முடிவெட்டுவது மனைவியின் பொறுப்பு. அதனால் மாதத்தில் பத்து நாள் தொப்பியோடுதான் வேலைக்குப் போவார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. மாமியார்தான் திருந்தவே இல்லை.

"இனிமே உங்களுக்கு மட்டும் டபுள் அபராதம்!" என்றார் ஒருநாள், பொறுமை இழந்து.

"நியாயம்தானே மாப்பிள்ளை" என்றாள். மறுநாள் லைட், ஃபேனோடு ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

"பட்டியல்ல ரேடியோவுக்கு ரேட்டே இல்லையே. ஒரு நூறு போட்டுக்கலாமா?"

அசலுக்கு ரத்தம் கொதித்தது. மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"உங்கம்மா முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டரா எப்படித்தான் குப்பை கொட்டினாங்க? ஒரு சுவிட்சை அணைக்கத் தெரியலையே! ஏதோ நான் கண்டிப்பா இருக்கறதாலதான் கரண்ட் பில் ஏறாம இருக்கு."

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பாவம், அம்மாவை நினைத்து அழுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது வருஷம் கடன் முடிகிற நிலைக்கு வந்தது. கடைசியாகக் கொஞ்சம் துண்டு விழுந்தது. அடுத்த மாதம்வரை பொறுக்க அசலால் முடியவில்லை. ஸ்கூட்டரை விற்றார். வங்கிக்குப் போய்க் கட்டினார்.

"எட்டு வருஷம் முன்னாடியே முடிச்சுட்டீங்க சார்!" என்று மேனேஜரே எழுந்து கை கொடுத்தார்.

கடன் தீர்ந்த கடிதத்தோடு மத்தியான வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய் அசத்தலாம் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை. ஒரு ஃபேன் ஓடவில்லை. மாமியார் புத்தகத்தை வெளிச்சத்துக்காக எதிர் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, வியர்க்க வியர்க்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் சத்தம்.

மாமியார் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். சமையல்கட்டில் டக். பாத்ரூமில் டக். ஃபேன் டக். ரேடியோ பாட ஆரம்பித்தது. மூச்சிரைக்க சோபாவில் வந்து விழுந்து, எதையோ மறந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டர் நிற்காமல் போனது.

"சே! கூரியர்காரன்!" என்று எழுந்து, முட்டியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்தாள்.

"சொந்த வீட்டையே ஏங்க திருடன் மாதிரி எட்டிப் பார்க்கறீங்க?"

திரும்பினார். காய்கறிப் பையோடு மனைவி.

"உங்கம்மா... வேணும்னே போடறாங்கடி!"

"இப்பதான் தெரியுமா?"

"எதுக்கு?"

"வீடு வாங்கறப்ப அவங்க சேமிப்பை எடுத்து நீட்டினாங்க. 'பொண்ணைக் கொடுத்ததே போதும், உங்க காசு ஒரு பைசா வேண்டாம்'னு பெரிசா வசனம் பேசினீங்க. பிரியமா கொடுத்தா வாங்க மாட்டீங்க. அபராதம்னா கேட்டு வாங்கறீங்க. அவங்க வேற என்னதான் பண்ணுவாங்க?"

அசல் மெதுவாகக் கதவைத் திறந்தார்.

"ஐயையோ! ஸ்கூட்டர் சத்தமே கேக்கலையே!" மாமியார் பதறிக்கொண்டு சுவிட்ச் போர்டுக்குப் பாய்ந்தாள்.

அசல் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"வேண்டாம் அத்தை. கடன் முடிஞ்சுடுச்சு."

"முழுசாவா?"

"முழுசா." கடிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

மாமியார் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சோபாவில் சாய்ந்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"அப்பாடா! இனிமேலாவது ஒழுங்கா லைட்டை அணைச்சு வைக்கலாம். எனக்கு இந்த வீண் செலவே பிடிக்காது மாப்பிள்ளை!"