கண்ணு பட என்ன இருக்கு?

ஒரு வீட்டுச் சன்ஷேடில் கண் திருஷ்டிக்காகக் கற்றாழை ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நேர் கீழே, சுவரோரமாக, ஒரு புல்கூட இல்லாத நீளப் பாத்தி.

"இந்த மொட்டைப் பாத்தியைப் பார்த்து எவன்டா கண்ணு வைப்பான்?" என்று கற்றாழை, சுவரில் ஏறி வந்த ஓர் அணிலிடம் எரிந்து விழுந்தது. "வீட்டுக்கார அக்கா தினமும் இங்க நின்னுதான், தண்ணி ஊத்தாம வளர்ற செடி எதுன்னு போன்ல தேடுது. எட்டு மாசமா சொட்டுத் தண்ணி இல்லாம அது தலைக்கு மேலதான் தொங்குறேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா என்னவாம்? இங்கயே காஞ்சு செத்துடுவேன் போல."

"கத்தாத, காது வலிக்குது" என்று சொல்லிவிட்டு அணில் கயிற்றைக் கடித்தது.

கற்றாழை பாத்தியில் விழுந்தது. எடுத்துக் கட்ட அக்காவுக்குச் சோம்பல். மழை வந்தது, வேர் பிடித்தது, குட்டிகள் முளைத்தன. அடுத்த வருஷம் பாத்தி முழுக்கக் கற்றாழைதான்.

ஒரு நாள் அக்கா போனிலிருந்து கண்ணை எடுத்துப் பாத்தியைப் பார்த்தாள்.

"அய்யோ, எவ்ளோ அழகு! ஊர்க் கண்ணே பட்டுடும்."

உடனே ஒரு குட்டியைப் பிடுங்கி, சன்ஷேடில் தலைகீழாகக் கட்டினாள். குட்டி அலறியது.

அணில் தலையில் அடித்துக்கொண்டது. "என் பல்லுக்கு வேற வேலையே இல்லையா?" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் சுவரில் ஏறியது.