காற்று குறைந்த இடம்

தன் பெயரையே தப்பாக எழுதிவிட்டு நவீன்குமார் கெக்கெக்கே என்று சிரித்தான். நடிக்கிறான் என்று ஜெகதீஷ் முடிவு கட்டினார்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தின் இரும்பு அறைக்குள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அறைக் காற்றை உறிஞ்சி எடுத்து, இருபத்தைந்தாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு மெலியவைத்திருந்தார்கள். நவீன்குமார் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெயர் எழுதி, கணக்குப் போட வேண்டும். ஜெகதீஷ் மாஸ்க்கோடு இருந்து அவனைக் கவனிக்க வேண்டும். பிறகு ஆள் மாறும்.

பயிற்சியாளர் திம்மராயன் வெளியே, கண்ணாடி ஜன்னலருகே மைக்கோடு நின்றார். காலையிலேயே சொல்லிவிட்டார்: "ஆக்ஸிஜன் குறைஞ்சா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அடையாளம். ஒருத்தருக்குச் சிரிப்பு, ஒருத்தருக்குத் தலைவலி. தன் அடையாளம் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டவருக்குத்தான் லாக்புக்குல கையெழுத்து."

அந்தக் கையெழுத்து இல்லாமல் உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தொட முடியாது. அப்படி ஒரு விமானத்தைக் கிருஷ்ணகிரி கிரானைட் முதலாளி ஒருவர் புதிதாக வாங்கியிருந்தார். அவரிடம் இருந்த பைலட்டுகள் இந்த இரண்டு பேர்தான். கேப்டன் சீட்டோ ஒன்றே ஒன்று. தலை நரைக்கும்வரை ஓட்டிய ஜெகதீஷ், நேற்று வந்த ஊத்தங்கரைப் பையனுக்கு அதை விட்டுக்கொடுப்பாரா?

காலையிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. டீக்கடையில் நவீன்குமாரும் திம்மராயனும் தெலுங்கில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இவருக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. பேச்சு முடிந்ததும் நவீன்குமார் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தான். அவன் பிஸ்கட் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, ஜெகதீஷ் கிளாஸ்களை மாற்றி வைத்துவிட்டார். வயிற்றைக் கலக்க எதையாவது போட்டிருந்தால்?

"நவீன், நூறுலருந்து ஏழு ஏழாக் கழிங்க," என்றது ஸ்பீக்கர்.

"தொண்ணூத்தி மூணு... எண்பத்தி ஆறு... எழுபத்தி... எழுபத்தி... பஸ் போயிருச்சு சார்!" மறுபடியும் சிரிப்பு.

"போதும், மாஸ்க்கைப் போடுங்க."

போட்டுக்கொண்டான். நாலு மூச்சில் முகம் தெளிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரமா? ஜெகதீஷ் பெல்ட் இறுக்கும் அளவுக்கு முன்னால் குனிந்து அவனை உற்றுப் பார்த்தார்.

அடுத்து ஆள் மாற வேண்டும். ஆனால் யாரும் இவரை ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. நல்லவேளை, இவ்வளவு நேரம் காதருகே உஸ் உஸ் என்று தொல்லை கொடுத்த மாஸ்க்கின் இரைச்சலாவது அடங்கியிருந்தது. இப்போதுதான் நிம்மதியாக யோசிக்க முடிந்தது.

யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. அவனுக்குச் சுலபமான கணக்கு. வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்கள். அதோ, ஜன்னலில் திம்மராயன் கையை ஆட்டி அவனுக்கு ஜாடை காட்டுகிறார். ஸ்பீக்கரில் ஏதோ கத்துகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. தெலுங்கேதான்!

நவீன்குமார் சட்டென்று எழுந்தான். அவன் கை நேராக ஜெகதீஷின் ஆக்ஸிஜன் குழாயை நோக்கி வந்தது.

அடப்பாவி, ஒரு சீட்டுக்காக ஆளையே முடிக்கப் பார்க்கிறானே! ஜெகதீஷ் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவன் விடவில்லை. இவர் ஓங்கி ஒரு குத்து விட்டார். அத்தோடு கண் இருட்டிக்கொண்டு வந்தது.

விழித்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. எதிரே திம்மராயன் குனிந்து நின்றார்.

"சார், இவன் என் குழாயைப் பிடுங்க வந்தான்! நீங்களும் தெலுங்குல சொல்லிக் கொடுத்தீங்க!"

"தமிழ்லதான் சார் கத்தினேன்," என்றார் திம்மராயன். "நீங்க முன்னால குனிஞ்சப்பவே குழாய் கழண்டு தொங்குச்சு. அவரு அதை மாட்டிவிடத்தான் வந்தாரு. நல்லா குத்துனீங்க போங்க."

நவீன்குமார் வீங்கிய புருவத்தில் ஈரக் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஜெகதீஷுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேப்டன் சீட் கண் முன்னால் வந்து நின்றது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், என் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. சந்தேகம்! காத்து குறைஞ்சதும் எல்லார் மேலயும் சந்தேகம் வந்துருச்சு. இப்பப் பாருங்க, சுத்தமாப் போயிருச்சு. மத்தபடி நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல."

திம்மராயன் தலையாட்டிக்கொண்டே லாக்புக்கைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

நவீன்குமார் கைக்குட்டையை எடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டான்:

"டீ கிளாஸை மாத்தி வெச்சப்ப காத்து நல்லாத்தானேண்ணா இருந்துச்சு?"