பின்கதவு

தையல்காரரிடம் அவர் மனைவியின் தம்பி விலைக்குத் தள்ளிவிட்ட பழைய காரில் உள்விளக்கு எரியவில்லை. "பல்பு ஃபியூஸ் மாமா" என்றிருந்தான். அவரும் நம்பித்தான் வாங்கினார்.

இன்று மதியம் எல்இடி மாட்ட மூடியைக் கழற்றினால், உள்ளே பல்பே இல்லை. புதியதைப் பொருத்தி, கதவுகளைச் சாத்தி, முன்சீட்டில் உட்கார்ந்தார். கதவு திறந்தால் மட்டும் எரிகிற விளக்கு சமர்த்தாக அணைந்தது. பிறகு, எந்தக் கதவும் அசையாமலே எரிந்தது, மறுபடி அணைந்தது. பின்சீட் மெல்ல அமுங்கும் சத்தம் கேட்டது.

மைத்துனனுக்குப் போன் போட்டார். "பல்பை எதுக்குடா கழட்டினே?"



"ஏறிட்டாளா மாமா?" அவன் குரலில், வயிற்றில் பால் வார்த்தாற்போல் ஒரு நிம்மதி. "அக்கா அப்பவே சொன்னா, நீங்கன்னா பொறுத்துக்குவீங்கன்னு."