எஸ்கார்

அப்பாவின் குதிகாலில் கட்டு பிரிந்து கிடக்கிறது. ஜன்னல் வெயில் நேராகப் புண்மேல் விழ, கருகிய தோல் பழைய செருப்பு மாதிரி மினுங்குகிறது. கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்கள். பெரிய டாக்டர் பேனாவால் புண்ணைக் காட்டுகிறார். "இதுக்குப் பேர் எஸ்கார். செத்துக் கருகின தோல். எங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க." அவரிடம் ஒரு வழக்கம். உச்சரிப்பில் தப்பு செய்தவர் புண்ணை விரலால் அழுத்திக்கொண்டே திரும்பச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மனதில் பதியுமாம். "எஸ்சார்" என்கிறான் கண்ணாடிக்காரன். "தொட்டுச் சொல்லு." கையுறை போட்ட விரல் இறங்குகிறது. "இஷார்" என்கிறாள் அடுத்தவள். எல்லோரும் சிரிக்கிறார்கள். இன்னொரு விரல் இறங்குகிறது. "வலிக்குதுங்க" என்கிறார் அப்பா. "செத்த தோல் வலிக்காது பெரியவரே" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார் டாக்டர். கறுப்பைச் சுற்றி இன்னும் உயிரோடிருக்கும் சிவந்த ஓரத்தில் நீர் கசிகிறது. அப்பாவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிகின்றன. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாய் துடிக்கிறது. ஆபரேஷன் செய்யப்போவது இவர்தான் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். புண்ணின் வாடை எனக்குப் பழகிவிட்டது. இந்த ஆளின் சட்டையிலிருந்து வரும் சென்ட் வாசனைதான் குமட்டுகிறது. கடைசிப் பெண் சரியாகச் சொல்லிவிடுகிறாள். "சபாஷ்" என்றபடி அவர் அடுத்த கட்டிலுக்கு நகர, கூட்டமும் பின்னாலேயே போகிறது. பிரித்த கட்டை யாரும் திரும்பப் போடவில்லை. நான் ஈ விரட்டிக்கொண்டிருக்கிறேன். விட்டத்தைப் பார்த்தபடி அப்பா மெதுவாகக் கேட்கிறார். "நாளைக்கு வேற வார்த்தையாம்மா?"