நாக்பூரில் ஒரு மணி நேரம்

இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானத்தைப் பெங்களூரிலிருந்து டெல்லி வரை தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது சஹானாவின் ஆசை. இத்தனை மாதம் கூடவே கூடாது என்றிருந்த அப்பா வைத்தீஸ்வரன், நேற்று திடீரென்று சம்மதித்துவிட்டார். இன்று மல்லேஸ்வரம் வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்துப்போட்டு, பென்சிலும் கையுமாக அவரே குப்புறப் படுத்திருந்தார்.

"ஹைதராபாத், நாக்பூர், போபால். மூணு ஊர்லயும் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கோ."

"போபால் எதுக்குப்பா? நாக்பூர்ல நிரப்பினா குவாலியர் வரைக்கும் தாங்கும்."

"போபால் இருக்கட்டும். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மணி நேரமாவது நில்லு."

அம்மா பட்டுப்புடவையோடு வந்தாள். "இதையும் பையில வெச்சுக்கோ."

"பட்டுப்புடவை கட்டிண்டாம்மா விமானம் ஓட்டுவா?"

"ஓட்டறப்ப வேண்டாம். இறங்கினதும் கட்டிக்கோ."

சஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"நாக்பூர்லேர்ந்து பேசறோம். பொண்ணு எத்தனை மணிக்கு இறங்கறா? பையனை அழைச்சிண்டு ஏர்போர்ட்டுக்கே வந்துடறோம்."

போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ஹைதராபாத்லயும் போபால்லயும்?"

"ஹைதராபாத் பையன் பேங்க்ல இருக்கான். போபால் பையன் டாக்டர்" என்றார் அப்பா, வரைபடத்திலிருந்து தலை நிமிராமல்.

"சரிப்பா, மூணு பேரையும் பார்க்கறேன். ஆனா பொண்ணு தனியாப் போய் நிக்கறது முறையா? பெரியவா ஒருத்தர் கூட வரணும். பக்கத்து சீட் காலியாத்தான் இருக்கு."

ராட்டினத்தில்கூட ஏறாத வைத்தீஸ்வரன் மெல்ல ரப்பரை எடுத்தார்.

"ஏண்டி, நடுவுல எங்கயும் நிக்காம டெல்லி போறாப்பல பெரிய டாங்க் கிடைக்காதா?"