சைக்கிளும் சக்கரப் பூட்டும்

செவ்வந்தி பள்ளிக்குப் போய்வர அரசு ஒரு சைக்கிள் கொடுத்தது. ஆனால் சாலையில் மணல் லாரிகள் பறந்தன. பயந்துபோன அவள் அப்பா சைக்கிளைப் பூட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டார். அவள் வரப்பு வழியே நடந்து போனாள்.

“விடேன் அண்ணே. நின்று நின்று டயரில் வெடிப்பு விழுகிறது” என்றது சைக்கிள்.

“லாரியில் நசுங்குவதற்கு இது தேவலை” என்றது பூட்டு.

“நான் என்ன சைக்கிளா, கோழி உட்காரும் கம்பியா?”

“கோழிக்காவது உதவுகிறாயே!”

இரண்டு மழைக்காலம் போனது. பிறகு அரசு பணம் ஒதுக்கி, வாய்க்கால் கரையில் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போட்டது. லாரி நுழையாதபடி இரு முனையிலும் கல் நட்டார்கள். கற்களுக்கு நடுவே அப்பா கையை விரித்து அளந்து பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சாவியை மகளிடம் கொடுத்தார்.

பூட்டு திறந்தது. “இத்தனை நாள் இறுக்கிப் பிடித்துவிட்டேன். கோபமா, தம்பி?”

“நீ விட்டிருந்தால் இந்தப் பாதையைப் பார்க்க நான் இருந்திருப்பேனா, அண்ணே?”

வாய்க்கால் காற்று வழி முழுக்கக் கூடவே வந்தது. பள்ளி வாசலில் செவ்வந்தி இறங்கியதும் சைக்கிளே சொன்னது:

“இப்போது நன்றாகப் பிடித்துக்கொள், அண்ணே. சாயங்காலமும் இதே வழியில் போக வேண்டும்.”